நியூசிலாந்து ரயில்வேயை விற்றார்கள், திரும்ப வாங்கினார்கள். நடுவில் என்ஜின்களுக்கு என்ன ஆனது?

#1 தெற்குத்தீவுக்காரன்

வணக்கம் நண்பர்களே. அரசு ரயில்வேயைத் தனியாரிடம் கொடுப்பது பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் இங்கிலாந்துதான் உதாரணமாக வருகிறது. நான் இருக்கும் நாட்டின் கதையையும் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிறைஸ்ட்சர்ச்சில் மிடில்டன் யார்டுக்குப் பக்கத்தில்தான் வீடு. மேற்குக் கரையிலிருந்து லிட்டெல்டன் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றிவரும் வண்டிகளை இழுப்பது டிஎக்ஸ் வகை டீசல் என்ஜின்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 1972 முதல் 1976 வரை கட்டிக் கொடுத்தவை, மொத்தம் 49. என் வயதைவிட மூத்தவை. ஒரு நாட்டின் முக்கிய சரக்கு வழியில் ஐம்பது வயது என்ஜின் ஏன் இன்னும் ஓடுகிறது என்று தேட ஆரம்பித்துத்தான் இந்தக் கதைக்குள் போனேன்.

சுருக்கமாக: 1982ல் ரயில்வே இலாகாவை அரசுக் கழகமாக மாற்றினார்கள். 1990ல் நியூசிலாந்து ரயில் லிமிடெட் என்று கம்பெனி ஆக்கி, கடனில் பெரும்பகுதியை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. 1993ல் அந்தக் கம்பெனியை 32.8 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்றார்கள். வாங்கிய கூட்டணியில் அமெரிக்க ரயில் கம்பெனி விஸ்கான்சின் சென்ட்ரல், உள்ளூர் முதலீட்டு வங்கி ஃபே ரிச்வைட், பாஸ்டனின் பெர்க்ஷயர் பார்ட்னர்ஸ். நிலம் மட்டும் அரசிடமே இருந்தது. அதற்குக் குத்தகை வருஷத்துக்கு 1 டாலர். 1995ல் பெயர் டிரான்ஸ் ரயில்.

2003ல் கம்பெனி ஆஸ்திரேலிய லாரிப் போக்குவரத்து நிறுவனமான டோல் கைக்குப் போனது. 2004ல் தண்டவாளத்தை மட்டும் அரசு 1 டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு, தள்ளிப்போட்ட பராமரிப்பைச் சரிசெய்ய 20 கோடி டாலர் ஒதுக்கியது. 2008ல் மீதியிருந்த ரயில்களையும் கப்பல்களையும் 66.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதுதான் இன்றைய கிவிரயில்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 1993ல் கைமாறியது இரும்பு மட்டும் இல்லை. அந்த இரும்புக்குள் அரசுப் பணத்தில் சேர்த்துவைத்த ஆயுள் இருந்தது. அதற்கு யாரும் விலை போடவில்லை. பதினைந்து வருஷம் அதை வைத்துத்தான் ஓட்டினார்கள்.

#2 கணக்குப்பிள்ளை

நல்ல தொகுப்பு. ஆனால் கதையைப் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

அரசு கையில் இருந்தபோது அந்த ரயில்வேயைத் தாங்கிப் பிடித்தது சட்டம். நீண்ட தூரத்துக்கு லாரி சரக்கு ஏற்றக்கூடாது என்று தடை இருந்தது. 1977ல் அந்த எல்லையை 150 கிலோமீட்டர் வரை தளர்த்தினார்கள். 1983ல் தடையையே எடுத்துவிட முடிவு செய்தார்கள். பாதுகாப்பு போனதும் சரக்கு சாலைக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் 20,000க்கும் மேல் இருந்த ஊழியர் எண்ணிக்கை, விற்கும்போது நாலில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஆட்குறைப்பு முழுக்க அரசு செய்தது. தனியார் வந்து வேலையைப் பறித்தான் என்ற வாதம் இந்த ஊரில் செல்லாது.

டிரான்ஸ் ரயில் எதுவுமே செய்யவில்லை என்பதும் சரியில்லை. டிஎஃப் வகை என்ஜின்கள் முப்பதுக்கு டர்போ (கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் கருவி) பொருத்திச் சக்தியைக் கூட்டும் வேலை, விற்பனைக்கு முன் 1992ல் தொடங்கினாலும், 1997 வரை தொடர்ந்து நடந்தது. இரண்டு தீவுகளுக்கும் நடுவே 2025 வரை ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற அரடேரே கப்பலைப் புதிதாக வாங்கியது அவர்கள்தான். 1990களில் லாபமும் காட்டினார்கள்.

#3 பொன்மலை டீசல் ஷெட்

தம்பி தெற்குத்தீவுக்காரன், முதலில் ஒரு கேள்வி. அந்த என்ஜின் யார்டிலிருந்து லோடோடு கிளம்பும்போது புகை என்ன நிறத்தில் வருகிறது? ஒருநாள் நின்று பார்த்துச் சொல்லுங்கள்.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஷெட்டில் வேலை பார்த்தவன். பெரும்பாலும் மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4 வகை டீசல் என்ஜின்கள். கணக்குப்பிள்ளை சார் லாபம் என்று எழுதியிருக்கிறார். ஷெட்டிலிருந்து பார்த்தால் அந்த லாபம் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

என்ஜின் ஒரு சுற்று போய் வந்ததும் டிரிப் ஷெட்யூல். மாசத்துக்கு ஒரு தடவை ஒரு ஷெட்யூல். பிறகு வருஷக் கணக்கில் ஐஓஎச் (இடைக்கால ஓவர்ஹால்), பிஓஎச் (முழு ஓவர்ஹால்) என்று பெரிய வேலைகள். பிஓஎச் என்றால் வண்டியை மொத்தமாகப் பிரித்துவிடுவோம். பிஸ்டன், லைனர், சிலிண்டர் ஹெட், டர்போ, டிராக்‌ஷன் மோட்டார், சக்கரம் எல்லாம் வெளியே வரும். இதில் ஆறு மாசம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. என்ஜின் அப்போதும் ஓடும். அந்த வருஷக் கணக்கில் செலவு குறைந்திருக்கும். அடுத்த வருஷமும் தள்ளலாம்.

தேய்மானம் முதலில் எண்ணெயில்தான் தெரியும். கிராங்க் கேஸிலிருந்து லூப் ஆயில் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். செம்பு கூடுதலாக வந்தால் பேரிங் தேய்கிறது. இரும்பு வந்தால் லைனரைப் பார்க்க வேண்டும். லேப் ரிசல்ட் வரும்முன் எங்கள் மேஸ்திரி ஒரு சொட்டு எண்ணெயைப் பிளாட்டிங் பேப்பரில் விட்டு, அது பரவும் வட்டத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். நடுவில் கரி மாதிரி திட்டாக நின்றால் முகம் சுருங்கும். என்ஜின் வெளியே பளபளவென்று நிற்கும். உள்ளே போய்க்கொண்டிருப்பது அந்தக் காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும்.

விற்பனைக்குப் பத்திரம் எழுதும் மேசையில் அந்தக் காகிதம் இருந்திருக்காது.

#4 ஒக்லண்ட் பரமன்

பொன்மலை ஐயா சொன்னது உண்மை. நான் யாழ்ப்பாணத்தான், இஞ்ச ஒக்லண்டுக்கு வந்து கனகாலம். நான் பயணிகள் பக்கக் கதையைச் சொல்லுறன்.

1993ல எங்கட நகர ரெயினுக்கு அவுஸ்திரேலியாவின்ர பேர்த் நகரம் கழிச்சு விட்ட பழைய டீசல் வண்டியளைத்தான் வாங்கிப் போட்டவை. பேர்த் மின்சாரத்துக்கு மாறினபடியால் மிஞ்சினது எங்களுக்கு. பிறகு இங்கிலாந்தில கழிச்ச பெட்டியளும் வந்தது. நான் அந்தப் பேர்த் வண்டியில எத்தனையோ நாள் வேலைக்குப் போனனான். மழைக்காலத்தில கதவு பூட்டாது, எல்லாரும் உள்ளுக்குத் தள்ளி நிண்டு போவம்.

2001ல ஒக்லண்ட் பாதையளின்ர உரிமையை டிரான்ஸ் ரயிலிட்ட இருந்து திரும்ப எடுக்க அரசாங்கம் 8.1 கோடி டொலருக்கு ஒத்துக்கொண்டது. முழு நாட்டையும் வித்த விலையில நாலில ஒரு பங்கு, ஒரு நகரத்துப் பாதைக்கு மட்டும்! இதைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. 2014லதான் மின்சார ரெயின் வந்தது.

அதே 2001 ஒக்டோபரில தவுரங்கா, ரொட்டோருவா, நேப்பியர் ரெயின்கள் நிண்டது. 2002 பெப்ரவரியில கிறைஸ்ட்சர்ச்சில இருந்து இன்வர்கார்கில் போன சதர்னரும் நிண்டது. அந்த ஊர்ச் சனத்துக்கு இண்டைக்கும் ரெயின் இல்லை.

#5 தெற்குத்தீவுக்காரன்

பரமன் அண்ணா, இந்த 8.1 கோடியை நான் விட்டுவிட்டேன். நன்றி.

பொன்மலை ஐயா, புகையைக் கட்டாயம் பார்த்துச் சொல்கிறேன். இப்போதைக்கு எனக்கு நெருக்கமான ஒரு இடத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒட்டிரா சுரங்கம்.

தெற்குத் தீவின் குறுக்கே போகும் பாதையில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 8.5 கிலோமீட்டர் சுரங்கம். 1923ல் திறந்தது. மேற்கிலிருந்து வரும்போது 33 அடிக்கு 1 அடி ஏற்றம், அதுவும் சுரங்கத்துக்குள்ளேயே. நீராவி என்ஜின் புகையில் ஆள் மயங்கிவிடுவான் என்று ஆரம்பத்திலேயே அந்தத் துண்டை மின்மயமாக்கினார்கள். 1968ல் ஜப்பானின் தோஷிபா கட்டிய ஐந்து மின்சார என்ஜின்கள் அங்கே வேலை பார்த்தன.

1997ல் டிரான்ஸ் ரயில் அந்த மின்கம்பியை எடுத்துவிட்டது. பதிலாக ஒட்டிரா பக்க வாயிலில் ஒரு கதவு, கூடவே ராட்சத மின்விசிறி. நிலக்கரி வண்டி உள்ளே போனதும் பின்னால் கதவு மூடும், விசிறி புகையை இழுக்கும். டிஎக்ஸ் என்ஜின்கள் சிலவற்றில் காற்று இழுக்கும் இடத்தையே மாற்றியமைத்தார்கள், சுரங்கத்துக்குள் மூச்சு முட்டாமல் இருக்க. சுற்றுலா ரயிலான டிரான்ஸ் ஆல்பைனில் போனால், சுரங்கம் வரும்முன் திறந்தவெளிப் பெட்டியிலிருந்து எல்லோரையும் உள்ளே வரச்சொல்லிவிடுவார்கள். என் மகள் ஏன் என்று கேட்டாள். புகை என்றேன். உள்ளே உட்கார்ந்தும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருட்டும் டீசல் வாசனையும்.

பழைய மின்சார என்ஜினை ஓய்வுபெறச் செய்தது கணக்குக்குச் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் எழுபது வருஷத்துக்கு முன் தீர்த்துவைத்த பிரச்சினையை மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

#6 கணக்குப்பிள்ளை

ஒட்டிரா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மலைத் துண்டுக்காக என்ஜின் மாற்றுவது, ஐந்தே ஐந்து என்ஜினுக்குத் தனி உதிரி பாகம், தனிப் பயிற்சி என்பதெல்லாம் எந்த முதலாளிக்கும் உறுத்தும். அரசுக்கும் உறுத்தியது! வடக்குத் தீவைப் பாருங்கள். பாமர்ஸ்டன் நார்த்திலிருந்து ஹாமில்டன் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் 1988ல் மின்மயமாக்கினார்கள். இங்கிலாந்தின் பிரஷ் கம்பெனி கட்டிய 22 ஈஎஃப் மின்சார என்ஜின்கள். எண்ணெய் விலை ஏறும் என்று போட்ட திட்டம், 1986லேயே எண்ணெய் விலை சரிந்துவிட்டது. கடைசியில் 2016 டிசம்பரில் அந்த மின்சார என்ஜின்களை ஓரங்கட்டிவிட்டு டீசலே போதும் என்று முடிவெடுத்தது யார்? அரசுக்குச் சொந்தமான கிவிரயில்.

நேப்பியர்–கிஸ்போர்ன் பாதை 2012ல் மழையில் அடித்துக்கொண்டு போனபோது அதைப் பழுதுபார்க்காமல் விட்டதும் கிவிரயில். டனீடின் ஊரின் ஹில்சைடு ஒர்க்‌ஷாப்பை 2012ல் மூடியதும் அவர்களே. சீனாவிலிருந்து 2010 முதல் வாங்கிய டிஎல் என்ஜின்களில் 2014ல் ஆஸ்பெஸ்டாஸ் கண்டுபிடித்து 40 என்ஜினை ஒரேயடியாக நிறுத்தியதும் அரசு காலத்தில்தான்.

உரிமையாளர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்ப எனக்கு ஆசைதான், கணக்கு இடம் தரவில்லை.

#7 பொன்மலை டீசல் ஷெட்

சார் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. அரசு கையில் இருந்தாலும் பணம் கொடுக்காவிட்டால் ஷெட்டில் ஒன்றும் நடக்காது, நான் அனுபவித்தவன். ஒரு என்ஜினைப் பிரித்து இன்னொன்றுக்குப் போடுவது எங்கள் ஷெட்டிலும் நடந்தது. வரிசையில் கடைசியில் நிற்கும் என்ஜினை "தானம் கொடுக்கிறவன்" என்போம். இன்றைக்கு என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், நாளைக்கு ஒரு பம்ப். ஆறு மாசத்தில் எலும்புக்கூடாக நிற்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அப்படி நின்ற என்ஜின் எங்கள் கண் எதிரே நின்றது. எத்தனை நிற்கிறது என்று மேலே எழுதிக் கேட்க முடிந்தது. திருப்பி உயிர்கொடுக்கும் கடமையும் எங்களுக்கே இருந்தது.

#8 புதுமுகம்_ரயில்

நான் பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். சந்தேகம்: விற்கும்போதே "பராமரிப்புத் தரம் இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாமே? வாடகைக் கார் திருப்பிக் கொடுக்கும்போது கீறல் பார்ப்பது மாதிரி?

#9 கணக்குப்பிள்ளை

தம்பி, நல்ல கேள்வி. வாடகைக் கார் உங்களுடையது இல்லை, அதனால்தான் கீறல் பார்க்கிறார்கள். இங்கே காரையே விற்றுவிட்டார்கள். வாங்கியவன் அதை எப்படி ஓட்டினாலும் அவன் இஷ்டம்.

நீங்கள் சொல்வதற்குக் கிட்டத்தில் வருவது இங்கிலாந்து. 1993 சட்டப்படி அங்கே ரயில்வேயைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். தண்டவாளம் ஒரு கம்பெனிக்கு. பயணி சேவை 25 கம்பெனிகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு. பயணிகள் ரயில் பெட்டிகளும் என்ஜின்களும் ஏஞ்சல், எவர்ஷோல்ட், போர்ட்டர்புரூக் என்ற மூன்று குத்தகைக் கம்பெனிகளுக்கு. ரயிலை ஓட்டுகிறவன் வாடகைக்கு எடுத்து நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பராமரிப்புக்கு அது ஒரு காவல்.

ஆனால் விலையில் கோட்டைவிட்டார்கள். போர்ட்டர்புரூக்கை 52.8 கோடி பவுண்டுக்கு அதன் நிர்வாகிகளே வாங்கினார்கள். சில மாதங்களில் ஸ்டேஜ்கோச் கம்பெனிக்கு 82.5 கோடிக்குக் கைமாற்றினார்கள். இந்த இடத்தில் நான் தனியார்மயத்துக்கு வக்காலத்து வாங்க வரமாட்டேன்.

#10 தெற்குத்தீவுக்காரன்

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் இங்கிலாந்தை எடுத்ததால் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன்.

1996ல் இங்கிலாந்தின் பெரிய சரக்கு ரயில் கம்பெனிகள் மூன்றையும் சேர்த்து வாங்கிய கூட்டணிக்குத் தலைமை யார் தெரியுமா? அதே விஸ்கான்சின் சென்ட்ரல். அங்கே இ.டபிள்யூ.எஸ். என்று பெயர் வைத்து, ஜெனரல் மோட்டார்ஸிடம் 250 புது என்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கிளாஸ் 66. 1998 முதல் கப்பலில் வந்து இறங்கின. அரசு காலத்துப் பழைய என்ஜின்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. அந்த 66 இன்றும் அங்கே சரக்கு ரயிலின் முதுகெலும்பு.

அதே வருஷங்களில் நியூசிலாந்தில் அவர்களுக்குப் பங்கிருந்த கம்பெனி என்ன வைத்து ஓட்டியது? 1955 முதல் வந்த டிஏ என்ஜின்களின் உடலை வைத்து அரசு மறுபடி கட்டிய 85 டிசி வகை என்ஜின்கள், எழுபதுகளின் டிஎக்ஸ், டர்போ போட்ட டிஎஃப், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வாங்கிய பழைய என்ஜின்கள் சில. முக்கியப் பாதைக்கென்று புதிதாகக் கட்டவைத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை.

ஒரே முதலாளி, ஒரே காலம். குணம் கெட்டவர் என்று சொல்லி இதை விளக்க முடியாது. இங்கிலாந்தில் அவர்கள் கையில் தண்டவாளம் இல்லை, பாலம் இல்லை, கப்பல் இல்லை. இருந்த பணம் என்ஜினுக்குப் போனது. புது என்ஜின் பழுதாகாமல் ஓடினால் அந்தப் பலன் நேராக அவர்கள் பைக்கு வந்தது. போட்டிக் கம்பெனியும் பக்கத்தில் நின்றது. இங்கேயோ 36 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 4,000 கிலோமீட்டர் பாதை, மலை, சுரங்கம், நிலநடுக்கம், கடல், எல்லாம் ஒரே கல்லாப்பெட்டியிலிருந்து. வாங்கிய விலையிலும் பெரும்பங்கு கடன். அந்தக் கல்லாவில் முதலில் எதை நிறுத்துவார்கள்? நிறுத்தினால் பத்து வருஷத்துக்குத் தெரியாத ஒன்றை.

2002ல் என்ஜின் பராமரிப்பை அல்ஸ்டாம் கம்பெனிக்கும், தண்டவாளப் பராமரிப்பை டிரான்ஸ்ஃபீல்டுக்கும் ஒப்பந்தத்தில் விட்டார்கள். ஐயா சொன்ன அந்த எண்ணெய்க் காகிதத்தைப் பார்க்கிறவர் ஒரு கம்பெனி, என்ஜினுக்குச் சொந்தக்காரர் இன்னொரு கம்பெனி. அதற்கு முன், 2000ல், பணியிடத்தில் ஊழியர்கள் அடுத்தடுத்து இறந்ததால் அரசே பாதுகாப்பு விசாரணை வைக்க வேண்டிவந்தது. 1996ல் 6 டாலருக்கு மேல் சந்தைக்கு வந்த பங்கை, 2003ல் டோல் வாங்கியது 1 டாலரைச் சற்றே தாண்டிய விலைக்கு. தள்ளிப்போட்டது எல்லாம் அந்த விலையில் தெரிந்துவிட்டது.

#11 ஒக்லண்ட் பரமன்

டோல் வந்தாப் பிறகும் சரிவரேல்லை. 10 கோடி டொலர் வண்டியளில முதலீடு செய்யிறம் எண்டு ஒத்துக்கொண்டவை. ஆனால் தண்டவாளத்துக்கு எவ்வளவு வாடகை கட்டுறது எண்டதில அரசாங்கத்தோட கடைசி வரைக்கும் இணக்கம் வரேல்லை. அதுதான் 2008ல முழுசா வாங்கினதுக்கு முக்கிய காரணம்.

இன்னொண்டு. வித்த நேரம் பிரதமரா இருந்தவர் ஜிம் போல்ஜர். 2008ல கிவிரயில் தொடங்கேக்க அதின்ர தலைவரா வந்தவரும் அதே ஜிம் போல்ஜர்தான். அவரைக் குறை சொல்ல எழுதேல்லை. தான் வித்ததைத் திரும்பத் தூக்கி நிறுத்த வந்து நிண்டவர் எண்டு எனக்கு அவரில மரியாதைதான்.

#12 கணக்குப்பிள்ளை

பரமன் சொன்ன போல்ஜர் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

தெற்குத்தீவுக்காரன், #10 படித்தபிறகு என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். விற்றது தவறா என்று இன்னும் உறுதியாகச் சொல்லமாட்டேன். தண்டவாளத்தையும் என்ஜினையும் ஒரே ஆளிடம், கடன் வாங்கி வந்த ஆளிடம், கையைக் கட்டும் நிபந்தனை இல்லாமல் கொடுத்தது தவறு. அரசு திரும்ப வாங்கியபிறகு 2010ல் மூன்று வருஷத்துக்கு 75 கோடி டாலர் போட வேண்டிவந்தது. ஆகவே 32.8க்கு விற்று 66.5க்கு வாங்கினோம் என்ற ஒப்பீடே போதாது. வாங்கிய விலையோடு பழுதுபார்த்த செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

#13 புதுமுகம்_ரயில்

அந்த ஈஎஃப் மின்சார என்ஜின்கள் கடைசியில் என்ன ஆயின?

#14 தெற்குத்தீவுக்காரன்

நல்லவேளை, தப்பித்தன. 2018 அக்டோபரில் புதிய அரசு அந்த முடிவை மாற்றி, 15 ஈஎஃப் என்ஜின்களைப் புதுப்பிக்க 3.5 கோடி டாலர் கொடுத்தது. ஹில்சைடு ஒர்க்‌ஷாப்புக்கும் மறுபடி பணம் வந்து அங்கே வேகன் வேலை தொடங்கியது. எங்கள் தீவின் டிஎக்ஸ்களுக்கு மாற்றாக 57 புது டீசல் என்ஜின்களுக்கு 2021ல் ஸ்டாட்லர் கம்பெனியோடு ஒப்பந்தம். ஸ்பெயினின் வாலென்சியாவில் கட்டுகிறார்கள்.

பொன்மலை ஐயா, நீங்கள் கேட்டது. சனிக்கிழமை காலை மகளோடு மிடில்டன் பக்கம் போய் நின்றேன். இரண்டு டிஎக்ஸ் ஜோடி, பின்னால் காலி நிலக்கரி வேகன்கள். டிரைவர் நாட்ச் (சக்தியைக் கூட்டும் படி) ஏற்றியதும் கறுப்பாக ஒரு மூச்சு வந்தது. மகள் எண்ணினாள், நான்கு ஐந்து வினாடிதான். பிறகு மெலிந்து, சாம்பல் நிறமாகி, கடைசியில் வெறும் சூட்டுக் காற்று மட்டும் நெளிந்தது. இரண்டு என்ஜினிலும் அப்படியே.

#15 பொன்மலை டீசல் ஷெட்

நீலமாக வரவில்லையே? நீலம் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து போய் எண்ணெய் எரிகிறது. கறுப்பு நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ டர்போவோ சரியில்லை. நாலு வினாடியில் தெளிந்தது என்றால் டர்போ வேகம் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது.

ஐம்பது வயது என்ஜினுக்கு அந்தப் புகை வருகிறது என்றால், அந்த ஊர் ஷெட்டில் யாரோ பிளாட்டிங் பேப்பரை ஒழுங்காகப் பார்க்கிறார்கள் தம்பி. அவர்களை எங்கேயாவது பார்த்தால் பொன்மலையிலிருந்து ஒருவர் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.